எழுத்தைப் போட்டுப் பார்க்காதீர்கள், வாசித்துப் பாருங்கள்!

(வேதபாடம்)

தியானப் பகுதி: உபாகமம் 29:29, எரேமியா 29:1-14, அப்போஸ்தலர் 19:18-20



வெளியூரில் வேலை பார்க்கிற வாலிபர் சிலர் இப்போது ஒரு புதுச் சமாச்சாரம் கொண்டு வருகிறார்கள். சின்னச் சின்னக் கற்கள். ஒவ்வொன்றிலும் கோடு கோடாய் ஒரு எழுத்து. துணிப் பைக்குள் கையை விட்டு ஒரு கல்லை எடுத்தால், இந்த வேலை கிடைக்குமா, இந்தச் சம்பந்தம் கூடுமா என்று தெரிந்துவிடுமாம். கைபேசியிலும் இது வருகிறது. ரூன் எழுத்து என்று பெயர். "ஐயா, இது பூஜை புனஸ்காரம் இல்ல, வெள்ளைக்காரங்க எழுத்துதானே, இதுல என்ன தப்பு?" என்று கேட்கிறார்கள்.

கேட்டது நல்லது. கேட்கிற பிள்ளையை அதட்டி அனுப்பினால் அது வேறு இடத்தில் போய்க் கேட்கும். ஆகவே சரித்திரத்தையும் வேதத்தையும் வைத்து இதைப் பார்ப்போம். பார்த்துக்கொண்டே போனால் விஷயம் நம் வீட்டு அலமாரி வரைக்கும் வந்து நிற்கும். பொறுமையாய் வாசியுங்கள்.

1. பழைய ஜெர்மானியர் செய்தது என்ன?

கி.பி. 98ல் தாசிட்டஸ் என்ற ரோம சரித்திரக்காரர் ஜெர்மானிய ஜாதிகளைப் பற்றி ஒரு புஸ்தகம் எழுதினார். அவர்கள் குறி பார்க்கிற விதத்தை அதில் சொல்லியிருக்கிறார். காய்க்கிற மரத்தில் ஒரு கிளையை வெட்டுவார்கள். அதைத் துண்டு துண்டாக நறுக்கி, துண்டுகளில் குறிகள் போடுவார்கள். வெள்ளைத் துணியின் மேல் அவைகளைக் கண்டபடி சிதற விடுவார்கள். ஊர்க் காரியமானால் பூசாரியும், வீட்டுக் காரியமானால் தகப்பனும் வானத்தைப் பார்த்து வேண்டிக்கொண்டு ஒவ்வொன்றாய் மூன்று துண்டுகளை எடுத்துப் பலன் சொல்லுவார்கள்.

அந்தக் குறிகள் ரூன் எழுத்துதான் என்று அறிஞர்கள் உறுதியாகச் சொல்வதில்லை. ஆனால் பிற்காலத்தில் ரூன் எழுத்தைச் செதுக்கித் தாயத்தாகக் கட்டினதும், சாபம் எழுதினதும் உண்மை. ஸ்வீடன் தேசத்தில் பியோர்க்கெடோர்ப் என்ற இடத்தில் நிற்கிற ஒரு கல்லில், இதை உடைக்கிறவன் நாசமாய்ப் போவான் என்கிற சாபம் இன்றைக்கும் இருக்கிறது.

ஐஸ்லாந்து தேசத்தின் பழைய கதைப் புஸ்தகமாகிய 'எகில் சாகா'வில் ஒரு சம்பவம் வருகிறது. ஒரு பெண் படுத்த படுக்கையாய்க் கிடக்கிறாள். அவள் மேல் ஆசை வைத்த ஒரு வாலிபன், அவளை வசப்படுத்த வேண்டுமென்று திமிங்கில எலும்பில் ரூன் எழுத்தைச் செதுக்கிப் படுக்கையில் வைத்திருக்கிறான். எழுத்துத் தெரியாமல் தப்பாய்ச் செதுக்கியதால் நோய் அதிகமாகிவிட்டதாம். எகில் அதைச் சுரண்டி எடுத்து நெருப்பில் போட்டு, வேறே எழுத்தைச் செதுக்கித் தலையணையின் கீழ் வைக்கிறான். பாருங்கள்! வசிய மருந்து, வசியத் தகடு என்று நம் ஊரில் கேள்விப்படுகிறோமே, அதே காரியம் அந்தப் பனி தேசத்திலும் இருந்திருக்கிறது. மனுஷனுடைய ஆசையும் பயமும் எந்த ஊரிலும் ஒன்றுதான்.

ஆனால் இன்றைக்குக் கடையில் விற்கிற கல்லும் புஸ்தகமும் அந்தக் காலத்துச் சரக்கு அல்ல. ரால்ப் பிளம் என்ற அமெரிக்கர் 1982ல் ஒரு புஸ்தகம் போட்டார். பழைய ரூன் வரிசையில் எழுத்துக்கள் 24. எழுத்தே இல்லாத ஒரு வெறுங்கல்லையும் சேர்த்து 25 ஆக்கினார்கள். பழைய கல்வெட்டு எதிலும் வெறுங்கல் கிடையாது. ஆதிகால ஞானம் என்று சொல்லி விற்கிறதில் பாதி, நம் காலத்தில் சேர்த்துக் கட்டினது.

2. எழுத்துக்குள்ளே சக்தி இருக்கிறதா?

ரூன் எழுத்தை உற்றுப் பார்த்தால் எல்லாம் செங்குத்துக் கோடும் சாய்ந்த கோடுமாய் இருக்கும். ஏன்? மந்திரத்துக்காக அல்ல. மரத்தில் கத்தியால் வெட்டின எழுத்து அது. மரத்தின் நாரோடு படுக்கையாய்க் கோடு இழுத்தால் கோடு தெரியாது, மரமும் பிளக்கும். ஆகவே குறுக்கே வெட்டினார்கள்.

நம் தமிழ் எழுத்தைப் பாருங்கள். அது வளைந்து வளைந்து வந்தது ஏன்? பனை ஓலையில் எழுத்தாணியால் நேர்கோடு இழுத்தால் ஓலை கிழியும். புள்ளி குத்தினால் பொத்தல் விழும். அதனால்தான் பழைய ஏடுகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளியே வைக்காமல் எழுதினார்கள். கத்திக்கு ஏற்ற எழுத்து அவர்களுக்கு, ஓலைக்கு ஏற்ற எழுத்து நமக்கு. இரண்டும் கைவேலையில் பிறந்த உருவங்கள்.

அந்த எழுத்தை வைத்து ஜனங்கள் பெரும்பாலும் என்ன எழுதினார்கள்? நார்வே தேசத்தில் பெர்கன் துறைமுகம் 1955ல் தீப்பிடித்தது. பிறகு அந்த இடத்தைத் தோண்டினபோது ரூன் எழுத்துள்ள பொருட்கள் அறுநூறுக்கு மேல் கிடைத்தன. பெரும்பாலும் மரக் குச்சிகள். அவைகளில் வியாபாரக் கடிதம் உண்டு, கேலிப் பேச்சு உண்டு, ஜெபம் உண்டு. சரக்கு மூட்டையில் கட்டுகிற பெயர்ச் சீட்டும் நிறைய உண்டு. இந்த மூட்டை இன்னாருடையது, அவ்வளவுதான்! நெல் மூட்டையில் நாம் பெயர் எழுதுகிறது போல. நம் தஞ்சாவூர்ப் பெரிய கோவில் கல்வெட்டிலும் யார் என்ன கொடுத்தார், யாருக்கு எத்தனை கலம் நெல் என்று கணக்குத்தான் பத்தி பத்தியாய் இருக்கிறது.

ஆகையால், எழுத்து என்பது ஒருவர் சொன்னதை இன்னொருவர் அறிந்துகொள்ளும்படி உண்டானது. வாசிக்கிறதை விட்டுவிட்டு, அதைக் கட்டிக்கொள்வதும் குலுக்கிப் போடுவதும் வரும்போதுதான் தொல்லை ஆரம்பிக்கிறது.

3. எபேசு பட்டணத்தின் எழுத்துக்கள்

அப்போஸ்தலர் 19ம் அதிகாரத்தில் பவுல் ஊழியம் செய்த எபேசு பட்டணம், எழுத்து மந்திரத்துக்கு உலகப் பிரசித்தம். 'எபேசு எழுத்துக்கள்' என்றே கிரேக்கர் சொல்லுவார்கள். அர்த்தம் விளங்காத ஆறு வார்த்தைகள். அவைகளை உச்சரித்தால் பிசாசு ஓடும், எழுதிக் கட்டிக்கொண்டால் மல்யுத்தத்தில் ஜெயிக்கலாம் என்று நம்பினார்கள்.

அப்படிப்பட்ட ஊரில் விசுவாசிகளானவர்கள் என்ன செய்தார்கள்? தங்கள் மாயவித்தைப் புஸ்தகங்களைத் தாங்களே கொண்டுவந்து எரித்தார்கள். கிரயம் 50,000 வெள்ளிக்காசு என்று லூக்கா கணக்குச் சொல்லுகிறார். ஒரு வெள்ளிக்காசு ஏறக்குறைய ஒரு கூலியாளின் ஒரு நாள் சம்பளம். நூறு பேர் ஒரு வருஷம் முழுவதும் உழைத்தாலும் அந்தத் தொகை எட்டாது! அதை விற்றுக் காசாக்கலாமே என்று அவர்கள் நினைக்கவில்லை. இன்னொன்றையும் கவனியுங்கள். அவரவர் தங்கள் சொந்தப் புஸ்தகத்தைத்தான் எரித்தார்கள். அடுத்தவன் வீட்டில் புகுந்து எடுத்து வரவில்லை.

4. நம் காவேரிக் கரையில்

வைத்தீஸ்வரன் கோவில் ஊரில் வீதிக்கு வீதி நாடி ஜோதிடப் பலகை தொங்குகிறது. ஆணுக்கு வலது பெருவிரல் ரேகை, பெண்ணுக்கு இடது. ரேகையை 108 வகையாய்ப் பிரித்து, அதற்குரிய ஓலைக் கட்டை எடுக்கிறோம் என்பார்கள். அகத்தியர் முதலான ரிஷிகள் முன்கூட்டியே எழுதி வைத்தது என்பது அவர்கள் நம்பிக்கை. ஒவ்வொரு ஓலையாய் வாசித்து, உங்கள் தகப்பன் பெயர் இந்த எழுத்தில் ஆரம்பிக்கிறதா, கூடப்பிறந்தவர் இத்தனை பேரா என்று கேட்பார்கள். ஆம், இல்லை என்று நாம் சொல்லச் சொல்ல ஓலைகள் தள்ளுபடியாகி, கடைசியில் ஒன்று பொருந்தும். பிறகு காண்டம் காண்டமாய் வாசிப்பு. ஏழாவது காண்டம் கலியாணம். பதின்மூன்றாவது சாந்தி காண்டம், அதாவது முன்ஜென்மப் பாவமும் பரிகாரமும். பதினாலாவது தீட்சை காண்டம், அதாவது மந்திரமும் ரட்சையும். ஓலையில் ஆரம்பித்தது தாயத்தில் வந்து முடிகிறது. செப்புத் தகட்டில் கட்டம் போட்டு எழுத்தைக் கீறி, குழாயில் சுருட்டி, கறுப்புக் கயிற்றில் கட்டிவிடுகிறார்கள்.

அங்கே போகிற ஜனங்களைக் கேலி பண்ண இதை எழுதவில்லை. யாரும் சும்மா பொழுதுபோக்குக்காகப் பெருவிரல் ரேகை கொடுக்கிறதில்லை. பிள்ளையில்லாத வேதனை, வரன் அமையாத கவலை, கடன். கேட்பதற்கு ஒருவர் இருக்கிறார் என்றால் மனம் போகத்தான் செய்யும். ஓலையும் குற்றவாளி அல்ல. தஞ்சாவூர் சரஸ்வதி மகாலில் வைத்தியமும் சங்கீதமும் இலக்கணமும் ஓலையில் இருக்கின்றன. கும்பகோணம் கல்லூரியில் வேலை பார்த்த உ.வே. சாமிநாத ஐயர் ஓலைகளை ஒப்பிட்டு ஒப்பிட்டு வாசித்துத்தான் 1887ல் சீவக சிந்தாமணியை அச்சிட்டார். வாசிக்கிறவர் கையில் ஓலை பொக்கிஷம்.

ஆனால் நாளைக்கு நடக்கப்போவதை அறியவும் அதை மாற்றவும் ஓலையையோ தகட்டையோ ரூன் கல்லையோ பிடிக்கிறது விசுவாசிக்குத் தகாது. உபாகமம் 18:10-12 குறி கேட்பதைத் தெளிவாய் விலக்குகிறது. உள்ளூர் எழுத்து, வெளிநாட்டு எழுத்து என்கிற வித்தியாசம் அங்கே இல்லை. கல்லை எடுக்கிற தம்பிக்கு இதுவே பதில்.

5. நம் வீட்டு அலமாரி

இப்போது கொஞ்சம் கசப்பான பகுதி. பெரியவர்களே, இது நமக்கு.

டிசம்பர் 31 இரவு ஆராதனையில் தட்டில் வாக்குத்தத்த அட்டை வருகிறது. கண்ணை மூடி ஒன்றை எடுக்கிறோம். வசனத்தை நினைத்துக்கொள்ள அது நல்ல வழக்கம்தான். ஜெர்மனியில் ஹெர்ன்ஹூட் என்ற ஊரிலுள்ள மொரேவிய சகோதரர்கள் 1731 முதல் வருஷந்தோறும், ஒவ்வொரு நாளுக்கும் ஒரு வசனத்தைச் சீட்டுப் போட்டு எடுத்துப் புஸ்தகமாய் அச்சிடுகிறார்கள். தியானத்துக்காக அது. ஆனால் அதே சபையார் ஒரு காலத்தில் கலியாணத்துக்கும் சீட்டுப் போட்டு முடிவெடுத்தார்கள். பிற்பாடு அந்தப் பழக்கத்தை அவர்களே விட்டுவிட்டார்கள்.

நம் வலங்கைமான் பக்கத்துக் குடும்பங்களின் நிலைமை உங்களுக்குத் தெரியும். மேட்டூர் ஜூன் 12ல் திறந்தால் குறுவை. திறப்பு தள்ளிப்போனால் கடன். இந்த நெருக்கத்தில் மகனை வெளிநாடு அனுப்பலாம் என்று ஒரு ஏஜென்ட் வருகிறார். நகையை அடகு வைக்கணும். என்ன செய்கிறது? ஜெபம் பண்ணி அட்டையை எடுத்தார்கள், எரேமியா 29:11 வந்தது, "கர்த்தர் பேசிட்டார்"னு நகை அடகுக்குப் போகிறது. விசா எந்த வேலைக்கு, சம்பளம் எவ்வளவு, ஒருவரும் கேட்பதில்லை. வெளிநாட்டுக்கு ஆள் எடுக்கிற ஏஜென்ட் அரசாங்கத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும் என்று 1983ல் வந்த குடிபெயர்வுச் சட்டம் சொல்லுகிறதே, அந்தப் பதிவு நம்பரை ஒருவரும் பார்ப்பதில்லை. பணம் போன பிறகு, "கர்த்தர் ஏன் கைவிட்டார்?" என்று அழுகிறார்கள். அருமையானவர்களே, கர்த்தர் எங்கே பேசினார்? அட்டையல்லவா கைக்கு வந்தது!

அந்த அதிகாரத்தை முழுசாய் வாசித்துப் பாருங்கள். அது பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எழுதின கடிதம். 11ம் வசனம் நல்ல முடிவைச் சொல்லுகிறது, மெய்தான். அதற்கு முந்தின 10ம் வசனம் அது எப்போது என்று சொல்லுகிறது: எழுபது வருஷம் கழித்து! 5ம் 6ம் வசனங்கள், அதுவரை வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், குடும்பம் நடத்துங்கள் என்கின்றன. 8ம் வசனமோ குறிகாரர் பேச்சில் மோசம்போகாதிருங்கள் என்று எச்சரிக்கிறது. குறி கேட்காதே என்று சொல்லுகிற கடிதத்திலிருந்து ஒரு வரியைப் பிய்த்து எடுத்து, அதை வைத்தே குறி கேட்கிறோம். இதை என்னவென்று சொல்ல!

பஞ்சாங்கத்தில் ராமர் சக்கரம், சீதை சக்கரம் என்று கட்டம் இருக்கும். கண்ணை மூடி விரல் வைத்துப் பலன் பார்ப்பார்கள். வேதப் புஸ்தகத்தைக் கண்ணை மூடித் திறந்து விரல் வைக்கிறது அதற்கு எந்த விதத்தில் வேறே? 91ம் சங்கீதத்தை எழுதிப் பிள்ளை கையில் கட்டுகிறதும், வேதத்தைத் தலையணையின் கீழ் வைத்துவிட்டுத் திறவாமலே தூங்குகிறதும், எகில் வைத்த எலும்புக்கு எந்த விதத்தில் வேறே? பிசாசானவன் ஆண்டவரிடத்தில் எடுத்துக் காட்டினது அதே 91ம் சங்கீதத்தைத்தான் (மத்தேயு 4:6). ஆண்டவர் அந்த ஒற்றை வசனத்தில் விழவில்லை. வேதத்தை வேதத்தால் எதிர்கொண்டார்.

இது புதுப் பிரச்சினையும் அல்ல. பிரான்சு தேசத்தில் வான் என்ற ஊரில் 465லும், ஆக்த் என்ற ஊரில் 506லும் கூடின சபைச் சங்கங்கள், வேதத்தைத் திறந்து குறி பார்க்கிறதைத் தடை பண்ணின.

6. வேதத்திலே சீட்டுப் போடவில்லையா?

நல்ல கேள்வி. அப்போஸ்தலர் 1:26ல் மத்தியாவுக்குச் சீட்டு விழுந்தது. ஆனால் 21, 22ம் வசனங்களைப் பாருங்கள். யோவானின் ஸ்நானம் தொடங்கி ஆண்டவரோடு இருந்தவனா என்று முதலில் தகுதி பார்த்தார்கள். தகுதியுள்ள இருவருக்குள்ளேதான் சீட்டு. நம் நாட்டு உத்திரமேரூர்க் கல்வெட்டிலும் அப்படியே. பராந்தக சோழன் காலத்தில், 921ல் வெட்டின கல்வெட்டு. வயது 35க்கு மேல் 70க்குள், சொந்த நிலம், ஒழுக்கம் எல்லாம் பார்த்து, பிறகுதான் ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் போட்டு ஒரு சிறுவனை எடுக்கச் சொன்னார்கள். அது வஞ்சகமில்லாமல் ஆள் தெரிந்துகொள்கிற வழி. வருங்காலம் பார்க்கிற வழியல்ல.

இன்னொன்று. மத்தியாவுக்குச் சீட்டுப் போட்டது பெந்தெகொஸ்தே நாளுக்கு முன்னே. ஆவியானவர் இறங்கினதற்குப் பிறகு அப்போஸ்தலர் நடபடிகளில் வேறொரு சீட்டைக் காட்டுங்கள் பார்க்கலாம்! 13ம் அதிகாரத்தில் உபவாசித்து ஆராதிக்கும்போது ஆவியானவர் பேசினார். 15ம் அதிகாரத்தில் கூடி உட்கார்ந்து, சாட்சி கேட்டு, வேதவாக்கியத்தோடு ஒப்பிட்டு, ஆவியானவரோடு ஒருமனப்பட்டு முடிவெடுத்தார்கள். பெந்தெகொஸ்தேகாரர் என்று பெயர் வைத்துக்கொண்டு பெந்தெகொஸ்தேக்கு முந்தின சீட்டிலே தொங்கலாமா?

தீர்க்கதரிசன வரமும் அப்படியே. அது மெய்யான வரம், அல்லேலூயா! ஆனால் தலையில் கை வைத்தவுடன் "எனக்கு என்ன வருது ஐயா?" என்று கேட்டால் அது குறி கேட்கிற புத்தி. சொன்னதை நிதானித்துப் பார்க்கச் சொல்லுகிறது 1 கொரிந்தியர் 14:29.

7. 'ரூன்' என்ற சொல்லுக்கு நேர்ந்த இரட்சிப்பு

ஒரு சந்தோஷமான சமாச்சாரம் சொல்லுகிறேன். 'ரூன்' என்றால் ரகசியம் என்று அர்த்தம். நாலாம் நூற்றாண்டில் உல்ஃபிலா என்ற கண்காணியார் கோத்தியர் என்ற ஜெர்மானிய ஜாதியாருக்காக வேதத்தை மொழிபெயர்த்தார். அதற்கென்று, பெரும்பாலும் கிரேக்க எழுத்தைப் பின்பற்றி, புதிதாய் ஓர் எழுத்து வரிசையையே உண்டாக்கினார். மாற்கு 4:11ல், தேவனுடைய ராஜ்யத்தின் ரகசியம் சீஷருக்கு அருளப்பட்டது என்று ஆண்டவர் சொல்லுகிற இடத்தில், ரகசியத்துக்கு அவர் போட்ட வார்த்தை என்ன தெரியுமா? 'ரூனா'! குறிகாரருடைய சொல்லையே எடுத்து, எல்லாரும் வாசிக்கும்படி சுவிசேஷத்தில் வைத்துவிட்டார்.

அந்த ஜெர்மானிய நாட்டிலிருந்துதான் சீகன்பால்கு ஐயர் 1706ல் நம் தரங்கம்பாடிக் கரையில் வந்து இறங்கினார். பிள்ளைகளோடு மணலில் உட்கார்ந்து அ, ஆ எழுதிப் படித்தார். 1715ல் தமிழில் புதிய ஏற்பாடு அச்சாகி முடிந்தது. எழுத்தைத் துணியில் சிதறவிட்டு மூன்று குச்சி பொறுக்கின ஜனத்தாரின் வழியில் வந்த ஒருவர், முழுப் புஸ்தகத்தையும் வாசியுங்கள் என்று நம் கையில் கொடுத்தார். அதை நாம் மறுபடியும் குச்சியாக நறுக்கலாமா?

உபாகமம் 29:29 சொல்லுகிறபடி மறைவானது கர்த்தருக்குரியது. நாளைக்கு என்ன என்பது அவர் கையில். வெளிப்படுத்தினது நமக்கும் நம் பிள்ளைகளுக்கும் உரியது, அதின்படி செய்வதற்காக.

8. அப்படியானால் என்ன செய்யணும்?

* அட்டை எடுத்தால் அந்த அதிகாரம் முழுவதையும் அன்றைக்கே வாசியுங்கள். யார், யாருக்கு, எப்போது சொன்னது என்று பாருங்கள்.
* கலியாணம், கடன், வெளிநாடு, நிலம்: இந்த நாலு காரியத்திலும் அட்டையை வைத்து முடிவெடுக்காதீர்கள். ஜெபியுங்கள், விசாரியுங்கள், விவரம் தெரிந்தவர்களைக் கேளுங்கள் (நீதிமொழிகள் 15:22). மாப்பிள்ளை ஊருக்குப் போய் நாலு பேரைக் கேட்கிறது அவிசுவாசம் அல்ல. செல்லுஞ்செலவைக் கணக்குப் பார்க்கச் சொன்னவர் நம் ஆண்டவரே (லூக்கா 14:28).
* வீட்டில் தாயத்தோ தகடோ கல்லோ இருந்தால், நீங்களாகவே மனதார விட்டுவிடுங்கள். அயலார் வீட்டுப் பொருளைத் தொடாதீர்கள், பரிகசிக்காதீர்கள்.
* ஓலை பார்த்துவிட்டு வந்தவரைச் சபையில் சந்தேகமாய்ப் பார்க்காதீர்கள். எந்தக் கவலை அவரை அங்கே அனுப்பியது என்று கேளுங்கள். நாம் கேட்காததினால்தான் அவர் ஓலையிடம் கேட்கப் போனார்.

வீட்டுக் கூட்டத்தில் பேச:

1. எரேமியா 29:11ஐ 1 முதல் 14 வரை சேர்த்து வாசிக்கும்போது அர்த்தம் எப்படி மாறுகிறது?
2. அப்போஸ்தலர் 15ல் சபையார் முடிவெடுத்த படிகள் என்னென்ன?
3. நம் வீட்டில் சமீபத்தில் எடுத்த பெரிய முடிவை எப்படி எடுத்தோம்?

வசனத்தை வாசிக்கிற கண்களையும், விளங்கிக்கொள்கிற இருதயத்தையும், கீழ்ப்படிகிற கால்களையும் கர்த்தர் தாமே நமக்குத் தந்தருள்வாராக. ஆமென்.